சொல்ற மாதிரி இல்லண்ணே

மலாக்கா மாநிலத்தின் மஸ்ஜித் தானா கடைத்தெருவில் இருக்கும் வங்கியின் இரண்டாவது கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் மங்களத்தை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. லூபோக் சீனாவிலிருந்து கோலா சுங்கை பாரு வரைக்கும், தமிழர் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவானாலும் அவளுக்கு அழைப்பு வந்துவிடும். வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. யாருக்கு எவ்வளவு இருக்கிறது, யார் வீட்டுத் தவணை நிற்கிறது, எந்த மாப்பிள்ளை வெறும் பவுடர் பூச்சு என்பதெல்லாம் அவள் வயிற்றுக்குள் இருப்பதாக ஊருக்கு ஓர் எண்ணம். பந்தியில் அவள் பக்கத்து நாற்காலிக்கு அடிதடியே நடக்கும். அவளோ பாயசத்தை நிதானமாகக் குடித்துவிட்டு, சமையல்காரர் யார் என்று மட்டும் விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நேராகக் கேட்டால் கௌரவம் போய்விடும் என்று சுற்றி வளைப்பார்கள். "அந்த ஹார்ட்வேர் கடைக்காரரு உங்க பேங்க்தானே? நல்லா ஓடுது போல?" என்று தூண்டில் போடுவார்கள். மங்களம் சிரித்துக்கொண்டே, "அது சொல்ற மாதிரி இல்லண்ணே" என்பாள். பெண்கள் கேட்டால் "இல்லக்கா". கோபமில்லாத, யார் மனதையும் புண்படுத்தாத வாக்கியம். அதைக் கண்டுபிடித்து வைத்திருப்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்த வாக்கியம்தான் ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது.

மங்களம் பிறந்தது லூபோக் சீனாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது; அதற்காக அவள் கண்ணீர் விட்டதில்லை. அந்தத் தோட்டத்தில் அவளுக்கு மறக்காமல் இருப்பது சம்பள நாள். ஆபீசுக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்க, கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, என்ன பிடித்தம், எதற்குப் பிடித்தம் என்பதையும் சேர்த்து உரக்க வாசிப்பார். யார் முன்பணம் வாங்கினார்கள், யார் வீட்டுக்காரர் கள்ளுக்கடையில் பாக்கி வைத்தார், யார் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாம் அந்தத் திடலில் ஒலிக்கும். கிராணி கெட்டவர் அல்ல. அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மங்களத்தின் அம்மா தன் முறை வரும்போது முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். பால்வெட்டுக்குப் போன இடத்தில் பாம்பையே அடித்துப் போட்டவர் அவர். அந்தச் சில நொடிகளில் மட்டும் சின்னப் பெண்ணைப் போலச் சுருங்கிவிடுவார். மங்களம் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள்.

அதனால்தான், வங்கியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், வாடிக்கையாளர் விவரத்தை வெளியே விடக்கூடாது, விட்டால் வேலையும் போகும், சிறைக்கும் போகலாம் என்று மேலாளர் சொன்னபோது மற்றவர்கள் பயந்தார்கள், சிலர் கொட்டாவி விட்டார்கள். மங்களத்துக்கு மட்டும் சந்தோஷம் பொங்கியது. அடுத்தவர் கஷ்டத்தைத் தாழ்ந்த குரலில் பேசுவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, அங்கே தனக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்! உறுதிமொழியில் அன்று அவள் போட்ட கையெழுத்துக்கு இணையான ஆசையோடு கல்யாணப் பதிவில்கூடக் கையெழுத்துப் போடவில்லை என்று அவள் கணவர் சிவநேசன் இன்றைக்கும் கிண்டல் செய்வார். பள்ளி வேன் ஓட்டுகிற அவர், வீட்டிலேயே பேங்க்காரி இருந்தால் பயமாக இருக்கிறது என்று தன் கணக்கை வேறு வங்கியில் வைத்திருக்கிறார்.

அவள் கவுண்டரில் நடக்கிற முறையே தனி. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடனைப் பற்றிப் பேச மாட்டாள். மீதித் தொகையை வாயால் சொல்லாமல் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவாள். ஆள் பார்த்து முடித்ததும் அந்தத் தாள் மேசைக்கடியில் இருக்கும் இயந்திரத்துக்குள் போய்ப் பொடிப்பொடியாகிவிடும். கணினித் திரை அவள் பக்கம் தவிர வேறு பக்கம் திரும்பியதில்லை. "என் மகன் கணக்குல சம்பளம் ஏறிருச்சா பாரும்மா" என்று வருகிற அம்மாக்களிடம், "தம்பியைக் கூட்டிக்கிட்டு வாங்கக்கா" என்பாள். "பெத்தவ நான், எனக்கே சொல்ல மாட்டியா?" என்று ஒருத்தி கவுண்டரைத் தட்டிச் சண்டை போட்டாள். பிற்பாடு அவளுடைய ஏடிஎம் கார்டை அவள் மருமகன் எடுத்து வந்து மீதியைக் கேட்டபோது மங்களம் அதே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். அதன்பிறகு அந்த அம்மா அவளைப் பார்த்தால் நெய்யுருண்டை கொண்டுவருவார்.

பக்கத்துக் கவுண்டர் நூருல் ஐன், அதே தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற அஹமது பாயின் மகள். "அக்கா, நீங்க எம்பிட்டு அடக்கமா இருந்தாலும் ஊருக்குள்ள உங்களை உளவாளி மாதிரிதான் பாக்குறாங்க" என்று சிரிப்பாள். பார்த்துக்கொண்டு போகட்டும் என்று மங்களம் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் பிச்சைமுத்து வந்தார். மங்களத்தின் பெரியப்பா மகன், அண்ணன் முறை. லூபோக் சீனாவில் நாலைந்து லோரி வைத்து ஓட்டுகிறவர். அவருடைய ஒரே மகள் ஷாமினி மலாக்கா டவுனில் மருந்தகத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஏர்கோன் மாட்ட வந்த நிவேந்திரன் என்ற பெம்பான் ஊர்ப் பையனைப் பிடித்துப் போய், வீட்டிலும் சொல்லி, இரண்டு பக்கமும் பேசி, பரிசம் போட நாளும் பார்த்தாகிவிட்டது. பையன் சொந்தமாக ஏர்கோன் சர்வீஸ் நடத்துகிறான். சொந்தத் தொழில் என்றதும் பிச்சைமுத்துவுக்கு உள்ளுக்குள் ஒரு குடைச்சல். தானே சொந்தத் தொழில் செய்கிறவர் என்பதால் அதன் மேடு பள்ளம் அவருக்குத் தெரியும்.

கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்து, கைப்பேசியைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். திரையில் பையனுடைய ஐசி அடையாள அட்டைப் படம்.

"சும்மா ஒரு தட்டு தட்டிப் பாரு தங்கச்சி. எந்த பிராஞ்சுல இருந்தாலும் உனக்குத் தெரியும்லா. பொண்ணு வாழ்க்கை. வேற யாருக்காக நான் கேக்கப்போறேன்?"

மங்களம் கைப்பேசியைத் திருப்பித் தள்ளினாள். ஷாமினி அவள் தூக்கி வளர்த்த பெண். கேட்கிறவர் அண்ணன். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் வாக்கியம் தானாக வந்தது.

"அது சொல்ற மாதிரி இல்லண்ணே."

பிச்சைமுத்து அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா. புரிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். புரிந்துகொண்டாரே என்று மங்களம் நிம்மதியாகத் தேத்தண்ணியை ஆறிப்போவதற்குள் குடித்து முடித்தாள். எது புரிந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பரிசம் நின்றுபோன செய்தி அவள் காதுக்கு வரச் சில வாரம் ஆனது. அதுவும் ஷாமினியே போன் செய்து, அழுகைக்கு நடுவில் கேட்டபோதுதான் தெரிந்தது.

"அத்தை, அவரு கணக்குல என்னதான் பாத்தீங்க? என்கிட்டயாச்சும் சொல்லுங்க அத்தை. திவாலா? வட்டிக்கு விடுற ஆலோங்கிட்ட கடன் வாங்கியிருக்காரா? நான் கேட்டா அவரு ஒண்ணும் இல்லைங்கிறாரு. அப்பா நம்ப மாட்டேங்கிறாரு."

"நான் பாக்கவே இல்லையேம்மா!"

"நீங்கதான அப்பாகிட்ட, 'சொல்ற மாதிரி இல்ல'ன்னு சொன்னீங்க?"

மங்களத்துக்குக் கைப்பேசி காதில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. சொல்கிற நிலையில் தான் இல்லை என்பதுதான் அவள் சொன்னது. வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி பையன் இல்லை என்பது அண்ணன் காதில் விழுந்தது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் போய் அது, 'மங்களமே சொல்லக் கூசுறா' என்றாகி, அண்ணியின் தம்பி குகன் வாயில் புகுந்து, 'கணக்கைப் பார்த்துட்டு அந்தக்கா அழுதுருச்சாம்' என்பதுவரை வளர்ந்து, பெம்பானுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாகப் பூட்டு என்று நினைத்துத் தொங்கவிட்டிருந்தது பூட்டே இல்லை, அறிவிப்புப் பலகை. இன்னும் எத்தனை பேருக்கு இப்படி அர்த்தமாகியிருக்கும்? அந்த ஹார்ட்வேர் கடைக்காரருக்குப் பெண் கொடுக்க யாராவது யோசித்திருப்பார்களா? நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் நிவேந்திரனே வங்கிக்கு வந்தான். எண் எடுத்து, வரிசையில் காத்திருந்து, முறை வந்ததும் அவள் முன்னால் வந்து நின்றான். சட்டைப் பையில் அவன் கடைப் பெயர் தைத்திருந்தது. முகத்தில் தூக்கமில்லை. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"ஆன்ட்டி, என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல தம்பி. அதைச் சொன்ன விதத்துலதான் தப்பாப்போச்சு. அந்தத் தப்பு என்னோடது."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. இந்தாங்க என் ஐசி. இப்பவே தட்டிப் பாருங்க. நானே சொல்றேன்லா, உங்களுக்கு முழு பெர்மிஷன். பாத்துட்டு அங்கிளுக்கு ஒரே ஒரு போன் போட்டு, 'நல்ல பையன்தான்'னு சொல்லிருங்க. முடிஞ்சுது."

நியாயமான பேச்சு. மங்களத்தின் விரல்கள் விசைப்பலகை மேலேயே இருந்தன. அண்ணன் காட்டிய படத்திலிருந்தே அந்த எண் அவள் மனதில் பதிந்துபோயிருந்தது. எண்கள் அவளுக்கு அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். ஒரு தட்டு. அழுகிற பெண்ணின் கண்ணைத் துடைத்துவிடலாம். யார் எந்தக் கணக்கைத் திறந்தார்கள் என்பது கணினியில் பதிவாகும்தான். அந்தப் பயம் அன்றைக்கு அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது. அவள் ஐசியைக் கையில் எடுக்காமலே பேசினாள்.

"இன்னைக்கு உன்னை நல்லவன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு நான் யாரைப் பத்தி வாயைத் திறக்கலையோ அவன்லாம் கெட்டவனாயிருவான் தம்பி. இப்ப உனக்கு ஆன மாதிரியே. உன் விவரம் உன்னோடது. வேணும்னா நீயே சொல்லு, வேணாம்னா சொல்லாத. என் வாயால வரக்கூடாது."

"நான் போய் என் கணக்கைக் காட்டி பொண்ணு கேக்கணுமா? எனக்கும் ரோஷம் இருக்கு ஆன்ட்டி."

"இருக்கட்டும். அது இருக்கிறவனுக்குத்தான் எங்க பொண்ணைக் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனைக் கையிலயே வச்சிரு. நான் கெடுத்ததை நானே சரி பண்றேன்."

அவன் போனதும் மங்களம் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து அடுத்த எண்ணை அழைத்தாள். "எப்படிக்கா சரி பண்ணுவீங்க? பாக்கவும் மாட்டீங்க, சொல்லவும் மாட்டீங்க" என்று நூருல் ஐன் கவலையோடு கேட்டாள். மங்களத்துக்கு அதற்குள் வழி தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்ததும் சிரிப்புகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை லூபோக் சீனாவில் அண்ணன் வீட்டில் ஆட்டுக்கறிச் சாப்பாடு. மகளுக்கு வரவிருந்த ஆபத்து விலகிவிட்டதே என்ற தெம்பில் பிச்சைமுத்து கலகலப்பாக இருந்தார். ஷாமினி அறையை விட்டு வரவில்லை. குகன் இலையில் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தான்.

"வா தங்கச்சி! நல்ல வேளை, நீ ஜாடையாச் சொன்ன" என்றார் அண்ணன்.

"நான் ஜாடை காட்டலண்ணே. சொல்ல எனக்கு அனுமதி இல்லைன்னுதான் சொன்னேன்."

"அதான்லா! நல்லதா இருந்தா சொல்லியிருக்க மாட்டியா? கூடப் பொறந்த மாதிரி பழகுறவ. நீ வாயை மூடினேன்னா உள்ள என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்?"

மங்களம் பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அண்ணன் கணக்கு எங்க பேங்க்லதான் இருக்கு, உங்களுக்கே தெரியும். அவரைப் பத்தி எங்கிட்ட ஏதாச்சும் கேளுங்களேன்."

அண்ணிக்கு விளையாட்டாகப் பட்டது. கரண்டியை வைத்துவிட்டு, "எங்க, சொல்லு பாப்போம். எனக்குத் தெரியாம உங்க அண்ணன் அங்க எதாச்சும் வச்சிருக்காரா? கடன் கிடன்?" என்று சிரித்தாள்.

மங்களம் அண்ணனை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கவுண்டரில் சொன்ன அதே தொனியில் சொன்னாள்.

"அது சொல்ற மாதிரி இல்லண்ணி."

அண்ணியின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. மெல்லத் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இத்தனை வருஷக் குடித்தனமும் கணக்குப் பார்க்கப்பட்டது. "எந்தக் கடன்? எதுக்கு வாங்கினீங்க?" என்றாள். பிச்சைமுத்துவுக்குப் புரையேறியது.

"ஏய், என்னடி அவகிட்ட கேட்டுட்டு என்னைப் பாக்குற? தங்கச்சி, ஒழுங்காச் சொல்லு! ஒண்ணும் இல்லைன்னு சொல்லு!"

"சொல்ல மாட்டேண்ணே."

"அட, இல்லாததை இல்லைன்னு சொல்றதுக்கு என்ன? குடும்பத்துல கலகம் மூட்டவா வந்த?"

"இல்லைன்னு சொன்னாலும் அது உங்க விவரம்தான். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அண்ணிக்கும் சொல்ல மாட்டேன்." மங்களம் நேராக அவர் கண்ணைப் பார்த்துப் பேசினாள். "இப்ப எப்படி இருக்குண்ணே? ஒரு வாய் சோறு முழுங்கற நேரம்தான் ஆச்சு. அந்தப் பையன் இத்தனை நாளா இதை முழுங்கிக்கிட்டுத் திரியுறான். எங்கிட்ட வந்து நின்னப்போ அவன் முகத்துல தூக்கமே இல்ல."

அடுத்த கேள்வி தன்னைப் பற்றி வந்துவிடுமோ என்று குகன் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டான். அண்ணிதான் முதலில் தேறினாள். விஷயம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "ஒரே வார்த்தை... அதையேதான் அன்னைக்கும் சொன்னியா?" என்று கேட்டவள், தலையில் கை வைத்துக்கொண்டு, "அடப்பாவமே, அந்தப் புள்ளையை என்ன பேச்சுப் பேசினோம்" என்றாள்.

பிச்சைமுத்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "அப்ப நான் யாருகிட்டதான் கேக்கிறது? பொண்ணைப் பெத்தவன் விசாரிக்கக் கூடாதா?"

"தாராளமா விசாரிங்க. ஆனா அவனையே கேளுங்க. கேக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. பதில் சொல்றதுக்கு அவனுக்கு உரிமை இருக்கு. நடுவுல எனக்கு ஒரு வேலையும் இல்ல."

அறை வாசலில் ஷாமினி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அப்பா கேட்பதற்கு முன்பே எண்ணை அழுத்திக் கைப்பேசியை அவரிடம் நீட்டினாள்.

நிவேந்திரன் மஸ்ஜித் தானாவில்தான் எங்கோ காத்திருந்திருப்பான் போல; தேத்தண்ணி கொதித்து இறங்குவதற்குள் அவன் வேன் வாசலில் வந்து நின்றது. பிச்சைமுத்து அவனை உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் மன்னிப்புக் கேட்டார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார். அவனும் சொன்னான். வேனுக்குத் தவணை கட்டுகிறான், ஒரு முதலாளி வேலை முடிந்தும் பணம் தராமல் இழுக்கிறார், அம்மாவுக்கு மாதம் அனுப்புகிறான். கூனிக் குறுகாமல், பெருமையும் அடிக்காமல் சொன்னான். நேருக்கு நேர் கேட்டதும் அவனுக்கு ரோஷப்பட ஒன்றும் இருக்கவில்லை. பேச்சு லோரி டயர் விலைக்குத் தாவியபோது, மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போய்விட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எழுந்திருக்கும்போது நிவேந்திரன் சொன்னான். "இன்னொண்ணு அங்கிள். ஆன்ட்டியோட பேங்க்ல எனக்குக் கணக்கே கிடையாது. ஆரம்பத்துலேர்ந்தே வேற பேங்க்தான். தட்டிப் பாத்தா ஒண்ணுமே வராதுன்னு தெரிஞ்சுதான் அன்னைக்கு அவங்ககிட்ட ஐசியை நீட்டினேன்."

எல்லோர் தலையும் மங்களம் பக்கம் திரும்பியது.

"கணக்கே இல்லையா!" பிச்சைமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா இவ்வளவு கூத்து உண்டா?"

"எனக்கு இப்பதான் தெரியும்ண்ணே" என்றாள் மங்களம். "நான் பாக்கல."

ஷாமினி வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்த முறை அழுகை வேறு விதமாக இருந்தது. பரிசத்துக்கு அடுத்த மாதமே நாள் குறித்தார்கள். தட்டு எடுக்கிற முறை அத்தைக்குத்தான் என்று அண்ணி அப்போதே சொல்லிவிட்டாள்.

மங்களம் கிளம்பும்போது பிச்சைமுத்து கார் வரைக்கும் கூடவே வந்தார். இனிமேல் அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை, 'அவங்களையே கேளுங்க' என்பதுதான் பதில் என்று அவள் சொல்ல, அவர் சரி சரி என்று தலையாட்டினார். கதவைச் சாத்தப் போனவளைக் கையைக் காட்டி நிறுத்தினார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குனிந்து, காற்றுக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"தங்கச்சி... அந்தப் பழைய விஷயம்... உங்கண்ணிக்கு எப்பவாச்சும்..."

மங்களம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த விஷயம்ண்ணே?"

பிச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. காரின் கூரையை இரண்டு தரம் மெல்லத் தட்டிவிட்டு வழிவிட்டார்.